பினாங்கில் நான் பேசிய இங்கிலீஷ்

எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று ராஜபாளையத்தில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவனே நான்தான். எண்பதுகளின் தொடக்கத்தில் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் பம்புசெட்டும் பைப்பும் விற்கிற கடை போட்டேன். கம்பெனிகளிலிருந்து வரும் கேட்லாக்குகள் எல்லாம் இங்கிலீஷில் இருக்கும். அவற்றைக் கடை வாசலில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பேன். கிணற்றுக்கு மோட்டார் வாங்க வந்த சம்சாரிகள் மரியாதையோடு நின்று கேட்பார்கள். சிலர் மகனுக்குத் தபாலில் வந்த காகிதத்தைக் கொண்டுவந்து, படித்துச் சொல்லச் சொல்வதும் உண்டு. ஹெட், சக்ஷன், டெலிவரி போன்ற பம்புசெட்டு வார்த்தைகள் அதில் இல்லாவிட்டால் எனக்குக் கொஞ்சம் சிரமம்தான். ஆனாலும் முகத்தில் காட்டிக்கொள்ளாமல் கடைசி வரி வரைக்கும் பார்த்துவிட்டு, "நல்ல சேதிதான்" என்று சொல்லி அனுப்புவேன். பெரும்பாலும் அது நல்ல சேதியாகவே அமைந்தது என் அதிர்ஷ்டம்.

மாமனார் வீட்டில் மட்டும் இந்தப் பெருமை எடுபடவில்லை. என் மனைவி ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. ஆண்டாள் கோயிலை ஒட்டிய மாட வீதியில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய அண்ணன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். அந்த மனிதர் ஒருநாளும் என் இங்கிலீஷைக் குறை சொன்னதில்லை. நான் பேச ஆரம்பித்ததும் எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீர் குடித்துவிட்டு வருவார். குறை சொல்லியிருந்தாலே தேவலை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம் நல்ல விற்பனை. மழை பொய்த்துப்போனதால் சுற்றுவட்டாரத்தில் போர்வெல் போடாத தோட்டமே இல்லை. ஊரார் கஷ்டம் என் கடைக்கு யோகமாக வந்தது. அதிகம் விற்ற டீலர்களைக் குடும்பத்தோடு மலேசியாவுக்குக் கூட்டிப்போவதாக பம்பு கம்பெனி அறிவித்தது. அதில் என் பெயரும் இருந்தது. கோலாலம்பூரில் சுற்றிவிட்டுக் கடைசியாகப் பினாங்குத் தீவு.

பயணத்துக்காக ஒரு சஃபாரி சூட் தைத்தேன். அந்த உடுப்புக்கு மவுசு போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. தையல்காரர் சொல்லியிருக்கலாம். மனைவி கட்டுச்சோறு, ஊறுகாய், எலுமிச்சம்பழம் எல்லாம் எடுத்துவைத்தாள். வெளியூரில் யாருக்காவது கொடுக்க வேண்டியிருக்கும் என்று ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பால்கோவா டப்பாக்களும் வாங்கி வைத்துக்கொண்டாள். அவள் முட்டை கலந்த பிஸ்கட்டைக்கூடத் தொடாதவள். "அங்க நமக்கு என்ன கிடைக்குமோ" என்பதுதான் கிளம்புகிற வரைக்கும் அவளுடைய கவலை. "நான் எதுக்கு இருக்கேன். எல்லாத்தையும் இங்கிலீஷ்ல கேட்டு வாங்கித் தாரேன்" என்றேன்.

கோலாலம்பூரில் எல்லாரையும் ஒரே பஸ்ஸில் அடைத்துக் கூட்டிப்போனார்கள். கம்பெனி ஆள் கொடி பிடித்து முன்னால் போக, திருநெல்வேலி, சங்கரன்கோவில், கோவில்பட்டி டீலர்கள் எல்லாரும் பின்னால் போனோம். நான் இங்கிலீஷ் பேச இடமே வாய்க்கவில்லை. இப்படியே ஊர் திரும்பினால் மச்சினனிடம் சொல்ல என்ன இருக்கும் என்ற யோசனை வந்துவிட்டது. பினாங்கில் ஒரு நாள் மட்டும் அவரவர் இஷ்டத்துக்கு விட்டார்கள். மற்றவர்கள் கடை வீதிக்குப் போவதாகச் சொன்னார்கள். நான் முந்தின நாளே ஹோட்டல் வரவேற்பறைக்குப் போய், தனிக் காரும் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் ஒரு கைடும் அரை நாளுக்கு வேண்டும் என்று ஏற்பாடு செய்தேன். அதை இங்கிலீஷில்தான் சொன்னேன். வரவேற்பறைப் பையன் கடைசியில் ஒரு காகிதத்தில் காரும் சூரியனும் வரைந்து காட்டித்தான் புரிந்துகொண்டோம்.

மறுநாள் காலையில் ஒரு சீனப் பெண்மணி வந்து நின்றார். வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். கத்தரித்த தலைமுடி, பூப்போட்ட சட்டை, உதட்டில் சாயம். கார் அவருடையதுதான், ஓட்டுவதும் அவர்தான். எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நான் ராத்திரியே மனப்பாடம் செய்துவைத்திருந்ததை ஆரம்பித்துவிட்டேன். "குட் மார்னிங் மேடம். வித் ரெஃபரன்ஸ் டு யுவர் டூர், வீ ஆர் கமிங் ஃப்ரம் இந்தியா, சவுத் சைடு. கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்" என்றேன். கம்பெனிக்குக் கடிதம் எழுதி எழுதிப் படிந்த இங்கிலீஷ் அது. அவர் வாயை மூடிக்கொண்டார். செத்த நேரம் என்னையும் என் சஃபாரி சூட்டையும் பார்த்துவிட்டு, "யெஸ் சார்" என்று கார் கதவைத் திறந்தார்.

நானும் மனைவியும் பின்சீட்டில் உட்கார்ந்தோம். அவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல நான் மனைவிக்குத் தமிழில் சொன்னேன். அவருடைய இங்கிலீஷ் எனக்குப் பத்தில் ஒரு வார்த்தைதான் பிடிபட்டது. மீதியை நானே போட்டு நிரப்பினேன்.

முதலில் ஒரு பாம்புக் கோயில். உள்ளே ஊதுவத்திப் புகை மூட்டமாக இருந்தது. பச்சைப் பாம்புகள் கிளைகளில் சுற்றிக்கொண்டு அசையாமல் கிடந்தன. அந்தப் பெண்மணி நிறுத்தி நிதானமாக ஏதோ ஒரு வரலாறு சொன்னார். ஒரு துறவி, பாம்பு, புகை, தூக்கம் என்ற சொற்கள் மட்டும் என் காதில் விழுந்தன.

"அந்தம்மா என்ன சொல்லுதாவ?" என்றாள் மனைவி.

"ஒரு சாமியார் இங்க தூங்கிட்டிருந்தாராம். பாம்பு கடிச்சிட்டுதாம். அதனால புகை போட்டு வச்சிருக்காங்க."

"கடிச்ச பாம்புக்கா கோயில் கட்டியிருக்காவ?"

"சீனாக்காரங்க பழக்கம் அப்படி" என்றேன்.

அந்தத் துறவி பாம்புகளுக்கு அடைக்கலம் கொடுத்தவர் என்பதும், அவர் காலத்துக்குப் பிறகும் பாம்புகள் அங்கே வந்துபோவதாக நம்புகிறார்கள் என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது. கைடு அப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊதுவத்தி ஒன்றைப் பற்றவைத்தார். தோள் லேசாகக் குலுங்கியது. இருமுகிறார் என்று நினைத்தேன்.

அடுத்து மலைப்பாதை ஓரமாக ஒரு தோட்டத்தில் நிறுத்தினார். மஞ்சளாக ஒரு பழத்தைப் பிளந்து, உள்ளே சிவப்பு வலை போர்த்திய கொட்டையைக் காட்டி, 'நட்மெக்' என்றார். அந்த வார்த்தை எந்தப் பம்பு கேட்லாக்கிலும் வந்ததில்லை.

"இது ஒரு வெளிநாட்டுக் கொட்டை. நம்ம பக்கம் கிடையாது" என்று மனைவிக்கு விளக்கினேன்.

அவள் வாங்கி முகர்ந்து பார்த்தாள். "ஜாதிக்காயில்லா இது. பிள்ளைக்கு உரைச்சுக் குடுத்திருக்கேனே."

"பாத்தா அப்படித்தான் இருக்கும். இது வேற."

இதோடு விட்டிருந்தாலும் மானம் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். மனைவிக்குப் பக்கத்தில் யாரைக் கண்டாலும் சிரிக்கிற சுபாவம். அந்தப் பெண்மணியும் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சந்தேகம் தட்டியது. "இவகிட்ட ரொம்பச் சிரிச்சு வச்சிக்கிடாத. ஏதாவது கடைக்குக் கூட்டிட்டுப் போயிக் கமிஷன் அடிச்சிருவா. வண்டி ஓட்டுறதைப் பாரு, மாட்டுவண்டிக்காரன் தேவல" என்றேன். கார் உடனே கொஞ்சம் வேகம் எடுத்தது. நான் அதைக் கவனித்தேன், ஆனால் எதையும் அதோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

வெயில் உச்சிக்கு ஏறும்போது கடற்கரைச் சாலைக்கு வந்தோம். சஃபாரி சூட்டுக்குள் நான் அவிந்துகொண்டிருந்தேன். அங்கே ஒரு தள்ளுவண்டியில் கொய்யா, அன்னாசி, மாங்காய், வெள்ளரிக்காய் எல்லாம் துண்டு போட்டுக் கருப்பாக ஒரு குழம்பு ஊற்றிப் பிரட்டி, மேலே கடலைப்பொடி தூவிக் கொடுத்துக்கொண்டிருந்தான் ஒருவன். மனைவிக்கு வந்த நாள் முதல் கட்டுச்சோறும் வாழைப்பழமும்தான். பழம்தானே, இதைச் சாப்பிடலாம் என்று இறங்கினேன். நானே கை நீட்டி, "டூ பிளேட்" என்றேன்.

கைடு பின்னாலேயே ஓடிவந்தார். என்னிடம் அவசரமாக என்னவோ சொன்னார். என் மனைவியைக் காட்டி, மேடம் சாப்பிடுவாரா என்று கேட்பது புரிந்தது. 'ஷ்ரிம்ப் பேஸ்ட்' என்று ஒரு வார்த்தையை மறுபடி மறுபடி அழுத்திச் சொன்னார். எனக்குச் சிரப் என்று கேட்டது. ரோஸ் சிரப், நன்னாரி சிரப் எல்லாம் நம் ஊரில் இல்லாததா?

"யெஸ், யெஸ். மேடம் டேக்ஸ். மோர் சிரப், ப்ளீஸ்" என்றேன். வண்டிக்காரன் இன்னொரு கரண்டி ஊற்றினான்.

தட்டை மனைவியிடம் கொடுத்து, "புளியும் வெல்லமும் போட்டுக் காய்ச்சின பாகு. தைரியமாச் சாப்பிடு" என்றேன். அவள் ஒரு அன்னாசித் துண்டைக் குச்சியில் குத்தி வாய்க்கருகே கொண்டுபோனாள்.

"ஏட்டி, அதைக் கீழ போடு. கூனி இறாலை அரைச்சு ஊத்தியிருக்கு" என்று ஒரு குரல் கேட்டது.

மனைவி துண்டைப் போட்டுவிட்டாள். நான் எங்கள் பக்கத்துப் பொம்பிளை யார் இங்கே வந்தது என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். யாரும் இல்லை. சீனப் பெண்மணிதான் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"தப்பா எடுத்துக்கிடாத தங்கச்சி. பதட்டத்துல ஏட்டின்னு வந்துட்டு" என்றார் அவர்.

எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது மாட்டுவண்டி. அப்புறம் கமிஷன். பாம்பு கடித்த சாமியார் மூன்றாவதாகத்தான் வந்தார். நின்ற இடத்தில் தரை பிளக்காதா என்றெல்லாம் எழுதுவார்கள். எனக்கு அந்தத் தள்ளுவண்டியின் அடியில் புகுந்துகொள்ள இடம் இருக்கிறதா என்றுதான் பார்க்கத் தோன்றியது. மனைவி என் பக்கமே திரும்பவில்லை. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க தமிழா?" என்றாள்.

"பெத்தவங்க சீனாக்காரங்கதான். பொம்பளப் புள்ளையாப் பொறந்துட்டேன்னு குடுத்துட்டாங்க. ரப்பர் எஸ்டேட்ல வேலை பாத்த எங்க அம்மா தூக்கிட்டு வந்து வளத்தாவ. அவியளுக்கு உங்க பக்கம்தான். சீவில்லிபுத்தூர்கிட்ட சுந்தரபாண்டியம்னு சொல்லுவாவ. அம்மா போயி நாலஞ்சு வருசமாச்சு."

ஹோட்டல் பதிவில் எங்கள் ஊர் ராஜபாளையம் என்று எழுதியிருந்ததை அவர் பார்த்திருக்கிறார். வேறு ஒரு ஆளுக்குப் போக வேண்டிய சவாரியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். இங்கே தமிழ் பேச ஆளுக்குப் பஞ்சமில்லை, ஆனால் அம்மா பேசின பேச்சைக் கேட்டு வெகுநாளாகிவிட்டது என்றார்.

"அப்புறம் காலையிலேயே ஏன் பேசல?" என்றாள் மனைவி.

அவர் என்னைப் பார்த்தார். கண்ணில் கொஞ்சமும் கோபம் இல்லை. "பேசத்தான் வாயெடுத்தேன். ஐயா இங்கிலீஷ்ல ஆரம்பிச்சிட்டாவ. ரொம்ப ஆசையா பேசுதாவளே, கெடுப்பானேன்னு இருந்தேன். செத்த நேரம் கழிச்சுப் பேசலாம், செத்த நேரம் கழிச்சுப் பேசலாம்னு பாத்தேன். ஐயா எங்க விட்டாவ."

அரை நாளில் முக்கால்வாசியை நான் இங்கிலீஷ் பேசியே தின்றுவிட்டிருந்தேன்.

அதற்குப் பிறகு மனைவி முன்சீட்டுக்குப் போய்விட்டாள். பின்சீட்டில் நான் ஒருத்தன். மொழிபெயர்க்க ஒன்றும் இல்லை. மலை ரயிலில் ஏறிப் பார்க்க வேண்டும் என்று நான் வைத்திருந்த திட்டத்தை இரண்டு பேரும் கேட்கவே இல்லை. கார் எங்கோ போய்க்கொண்டிருந்தது, அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்று. "நீ பாட்டுக்குப் பேசு தங்கச்சி. எதையாச்சும் பேசு. நான் கேட்டுக்கிட்டே ஓட்டுதேன்."

மனைவி பேசினாள். தெருக்குழாயில் தண்ணீர் வராத கதை, எதிர்வீட்டுக்காரர் வெள்ளை வெளேரென்று வளர்க்கிற ராஜபாளையம் நாய் அவரையே கடித்த கதை, கிருஷ்ணன்கோவிலில் கல்லூரிப் பிள்ளைகள் ஏறினால் பஸ்ஸில் நிற்க இடமில்லாத கதை, திருவண்ணாமலைப் பெருமாளைப் பார்க்கப் போய் நான் படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்ட கதை. அது நம் ஊர்ப்பக்கத்துத் திருவண்ணாமலை, சின்னக் குன்று, எவ்வளவு படி இருக்கும், அதற்கே நான் உட்கார்ந்தேன் என்பதையும் விளக்கமாகச் சொன்னாள். அந்தப் பெண்மணி ஒவ்வொன்றுக்கும் "அம்புட்டுமா", "பொறவு" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

நடுவில் மனைவிக்கு நினைவு வந்து பையிலிருந்த பால்கோவா டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். அவர் காரை ஓரம் கட்டினார். அம்மா இதைப் பற்றிச் சாகிற வரைக்கும் பேசியிருக்கிறார்களாம். விரலால் கொஞ்சம் எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். நாங்கள் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம்.

"அம்மா சொன்ன அளவுக்கு இல்லையே தங்கச்சி" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இங்கிலீஷில் தோற்றதைத் தாங்கிக்கொண்டேன். பால்கோவாவில் தோற்கத் தயாரில்லை. "வாங்கி நாளாச்சும்மா. விமானத்துல வந்திருக்கு. சூடா, விறகடுப்புலருந்து எறக்கினதும் திங்கணும்" என்று பின்சீட்டிலிருந்து எட்டிச் சொன்னேன். அன்றைக்கு அவரிடம் நான் தமிழில் பேசின முதல் வார்த்தை அதுதான். அவர் திரும்பிப் பார்த்து, "ஐயாவுக்கும் பேச்சு வருதே" என்றார்.

கடைசியாகக் கடலோரம் ஒரு புல்வெளியில் நிறுத்தினார். சாயங்காலம் ஆகிக்கொண்டிருந்தது, பேசியபடி அரை நாள் எப்போதோ முடிந்துபோயிருந்தது, அவர் அதைச் சொல்லவே இல்லை. தயங்கித் தயங்கி என்னிடம் ஒரு உதவி கேட்டார். எஸ்டேட்டில் அவருடைய வளர்ப்பு அப்பா, விளையாடப் போன தன் மகனை வீட்டுக்குக் கூப்பிட மேட்டில் நின்றுகொண்டு ஏலே என்று ஒரு சத்தம் கொடுப்பாராம். அந்த மாதிரிக் கூப்பிட இப்போது யாரும் இல்லை. "ஒரே ஒரு தடவை கூப்பிட்டுக் காட்டுவீயளா ஐயா?"

அவரை நான் என்னென்ன சொல்லியிருந்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி என்று எழுந்து நின்றேன். முதல் தடவை வெட்கத்தில் குரல் எழும்பவில்லை. "இது காணாது, மேட்டுலருந்து கூப்பிடணும்" என்றாள் மனைவி. சஃபாரி சூட்டோடு அங்கிருந்த சிமெண்டுத் திண்டில் ஏறி நின்று, கடலைப் பார்த்து, அடிவயிற்றிலிருந்து "ஏலே" என்று கத்தினேன்.

புல்வெளியின் அந்தக் கோடியில் பைகளோடு போய்க்கொண்டிருந்த ஒரு கூட்டம் மொத்தமாகத் திரும்பியது. எங்கள் டீலர்கள். கடை வீதியை முடித்துக்கொண்டு காற்று வாங்க வந்திருக்கிறார்கள். சங்கரன்கோவில்காரர் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு, "என்னலே" என்று பதில் சத்தம் கொடுத்தார். அந்தப் பெண்மணி அப்படியே புல்லில் உட்கார்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். திண்டிலிருந்து எப்படி இறங்குவது என்று தெரியாமல் நான் நின்றேன்.

ஊர் திரும்பும்போது, மதுரையிலிருந்து வந்த பஸ்ஸில் மனைவியிடம் மெல்லக் கேட்டேன். "அந்தம்மாவுக்குத் தமிழ் தெரியும்னு உனக்கு ஒரு சந்தேகமும் வரலையா?"

"பாம்புக் கோயில்லயே வந்துது. நீங்க சாமியார் கதை சொன்னப்ப அவிய சிரிப்பை அடக்க முடியாமத் திரும்பிட்டாவ."

"பின்ன ஏன் எனக்குச் சொல்லல?"

"சந்தோசமாப் பேசிக்கிட்டு இருந்தீய" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மாமனார் வீட்டில் இதை ஆதியிலிருந்து அந்தம் வரை அவளே சொன்னாள். சிரப் வந்த இடத்தில் மச்சினன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். போன மனிதர் வெகுநேரம் திரும்பவில்லை. அடுக்களையிலிருந்து இருமல் சத்தம் மட்டும் வந்தது.

இரண்டு மூன்று வருஷம் கழித்து, மனைவி எழுதிக் கொடுத்திருந்த விலாசத்தை வைத்துக்கொண்டு அந்தப் பெண்மணி எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மாவின் ஊரைப் பார்க்க வேண்டும் என்றார். நானே கைடாக இருக்கிறேன் என்று சொன்னேன். அவரும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் பையைத் தூக்கிக்கொண்டு கூட வருவதற்கு மட்டும் அனுமதி கிடைத்தது. சுந்தரபாண்டியத்தில் தெருத் தெருவாக விசாரித்தோம். எஸ்டேட்டுக்குப் போன அந்தக் குடும்பத்தை யாருக்கும் தெரியவில்லை. அவ்வளவு தூரம் வந்தவரை வெறுங்கையோடு கூட்டிப்போகிறோமே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. ஊர் முனையில் தெருக்குழாயடியில் இரண்டு பெண்கள் குடத்தை வைத்துக்கொண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். யார் முதலில் குடம் வைத்தது என்பதில் ஆரம்பித்து, இரண்டு வீட்டு முன்னோர்கள் வரைக்கும் போய்விட்டது. விருந்தாளி முன்னால் இது என்ன அசிங்கம் என்று நான் விலக்கிவிடப் போனேன்.

அவர் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். "விடுங்க ஐயா, நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு, ஓரமாகக் கிடந்த கல்லில் உட்கார்ந்தார். மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். குடங்கள் நிறைந்து அந்தப் பெண்கள் வீட்டுக்குப் போகிற வரைக்கும் நாங்கள் மூன்று பேரும் அங்கேயே இருந்தோம்.